தூத்துக்குடியில் ஒரு வாடகை வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம் நாட்டுப் பழமொழி. இதைச் சொன்ன பெரியவர் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவராக இருக்க முடியாது என்பது என் எண்ணம். அலைந்திருந்தால் அதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்.

நான் விளாத்திகுளம் வட்டத்துக் கரிசல் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். வத்தல், மல்லி, உளுந்து எனப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் எங்களுடையது. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் என் அண்ணனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை கிடைத்தது. அக்காவுக்கும் அங்கேயே ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் வேலை அமைந்தது. இருவருக்கும் சமைத்துப் போட அம்மா உடன் போவதென்றும், அப்பாவும் ஆச்சியும் ஊரிலேயே இருப்பதென்றும், நான் படிப்பு முடியும்வரை ஆச்சியோடு இருந்து விடுமுறைக்குப் போவதென்றும் முடிவாயிற்று. வீடு பார்க்கும் பொறுப்பு மட்டும் எனக்கு வந்தது. பொருளியல் படிக்கிறவனுக்குக் கணக்குத் தெரியும் என்று அப்பா நம்பினார்.

நம் கல்லூரியில் படிக்கும் பலர் பட்டம் வாங்கிய மறுமாதம் அதே பேருந்தில்தான் ஏறப் போகிறோம். ஆகவே நான் எங்கே கணக்குத் தவறினேன் என்பதைச் சொல்லிவைப்பது உதவக்கூடும்.

தூத்துக்குடி வெளியூர்க்காரர்களுக்குப் பழகிய ஊர். முத்துச் சலாபம் நடந்த காலங்களில் கடற்கரையில் ஓலைக் குடிசைகளால் ஒரு தற்காலிக ஊரே எழும்புமாம். குளிப்பவர், கயிறு பிடிப்பவர், வியாபாரி, காவலர் அனைவரும் அதில் தங்குவர். சலாபம் முடிந்ததும் ஊரும் கலைந்துவிடும். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1974 ஜூலை 11-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கிற்று. உர ஆலையும் அந்தப் பத்தாண்டில் வந்ததுதான். அந்நாளில் இந்த நிறுவனங்கள் ஊழியர்களுக்கென்று தனிக் குடியிருப்புகளைக் கட்டின. தெர்மல் நகர், ஸ்பிக் நகர் என்ற பெயர்களே அதற்குச் சான்று. நிலையான வேலையில் சேர்ந்தவருக்கு வேலையோடு வீடும் கிடைத்தது என்று சொல்லலாம். இன்று ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்கிற என் அண்ணனைப் போன்றவர்களுக்கு அடையாள அட்டை உண்டு, குடியிருப்பு இல்லை. 2025 ஆகஸ்டில் வியட்நாம் நாட்டு மின்சாரக் கார் ஆலையும் தூத்துக்குடியில் திறக்கப்பட்டாயிற்று. இனி வருகிறவர்களும் தெருத்தெருவாக ‘வாடகைக்கு விடப்படும்’ பலகையைத் தேடத்தான் போகிறார்கள்.

நாங்கள் தேடியபோது நகருக்குள்ளே இரண்டு அறை வீடு 6,500 ரூபாய் சொன்னார்கள். நகரின் மேற்கு ஓரத்தில், பனங்காடு அழிந்து மனையான இடத்தில், இன்னும் பெரிய வீடு 4,000 ரூபாய்க்குக் கிடைத்தது. முன்பணம் 30,000. மாதம் 2,500 ரூபாய் மிச்சம் என்று நான் துள்ளினேன்.

எங்கள் பாடத்தில் ரிகார்டோவின் வாரக் கோட்பாடு உண்டு; 1817-இல் வெளியான நூலில் உள்ளது. அதற்குப் பின் 1826-இல் வான் தூனன் என்ற ஜெர்மானியப் பண்ணையார், சந்தையிலிருந்து தொலைவு கூடக்கூட நிலத்தின் வாரம் குறையும், ஏனெனில் வண்டிக்கூலி கூடுகிறது என்று எழுதினார். இதைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் தரகரோடு வீட்டு வாசலில் நின்றபோது இது நினைவுக்கு வரவில்லை.

அந்த ஓரத்து வீட்டில் ஆறு மாதம் இருந்து பார்த்த பிறகு போட்ட கணக்கு இது. வாடகை 4,000. ஆழ்குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கவும் உலைவைக்கவும் நாள் ஒன்றுக்கு ஒரு கேன், 35 ரூபாய் வீதம் மாதம் 1,050. சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் அந்தப் பேருந்து எங்கள் நிறுத்தத்துக்கு அக்காவின் கடை நேரத்தில் வருவதில்லை. ஷேர் ஆட்டோவுக்குப் போக 20, வர 20. இருபத்தாறு நாளுக்கு 1,040. துறைமுகமோ நகரின் தென்கிழக்கே இருக்கிறது, நாங்கள் இருந்தது மேற்கே. அண்ணன் இரு சக்கர வண்டிக்கு 1,200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டான். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் கிடையாது. வீட்டுக்காரர் துணை மீட்டர் ஒன்றை மாட்டி யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினார். மாதம் 120 யூனிட்டுக்கு 960. ஆக மொத்தம் 8,250 ரூபாய்.

6,500 ரூபாய் நகர வீட்டில் பின்னால் குடியேறியபோது ஆன செலவையும் பாருங்கள். மாநகராட்சிக் குடிநீர் உண்டு. தண்ணீர் விடாத நாளுக்கென்று மாதம் நான்கு கேன், 140 ரூபாய். அக்கா நடந்தே கடைக்குப் போகிறாள். பெட்ரோல் 500. தனி மீட்டர் இருப்பதால் மின்கட்டணம் மாதம் 250-க்குள் அடங்குகிறது. மொத்தம் 7,390. மலிவான வீடு மாதம் 860 ரூபாய் அதிகமாக விழுந்திருக்கிறது.

மின்சாரச் சங்கதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் மாநிலத்தில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம் ஓடினால் மூவரின் யூனிட்டும் சேர்ந்து மேல்படிக்குப் போய்விடும். இலவச 100 யூனிட்டும் வீட்டுக்காரர் கணக்கில் கரைந்துவிடும். நாங்கள் இரண்டு மாதத்துக்கு 1,920 ரூபாய் கொடுத்துவந்த அதே 240 யூனிட்டுக்கு இப்போது 500 ரூபாய்கூட ஆவதில்லை. எனவே வீடு பார்க்கப் போகிறவர்கள் சமையலறையைப் பார்க்குமுன் மீட்டர்ப் பெட்டியைப் பாருங்கள்.

தண்ணீர் பற்றி. தூத்துக்குடி கடலோரத்து உப்பு நிலம். சுற்றிலும் உப்பளங்கள். நிலத்தடி நீரை நம்ப முடியாது. அந்நகரின் தாகம் தீர்த்தவர் என்று இன்றும் மக்கள் வணங்கிப் பேசுவது நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து அவர்களைத்தான். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே 1927-இல் கொண்டுவந்தவர் அவர். இன்றும் நகர் குடிப்பது தாமிரபரணியைத்தான். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, வீட்டில் தண்ணீர் வசதி உண்டா என்பதல்ல. ஆழ்குழாய் வைத்திருப்பவரும் உண்டு என்றுதான் சொல்வார். ஆற்றுத் தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம், பிடித்துவைக்கத் தொட்டி இருக்கிறதா, அந்தத் தொட்டி எத்தனை குடித்தனத்துக்குப் பொது என்று கேட்க வேண்டும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். எங்கள் அம்மா சோப்புக் கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே வீடு பார்க்க வந்தாள். நான்தான் நாகரிகம் பார்த்து அதைப் பைக்குள் வைக்கச் சொன்னேன்.

உப்பு தண்ணீரோடு நிற்பதில்லை, காற்றிலும் இருக்கிறது. கடலோரக் கட்டடங்களில் அது காரைக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருக்கும்; பருத்ததும் காரை வெடித்து விழும். கூரையை அண்ணாந்து பார்த்தால் கம்பியின் போக்கிலேயே நீளமாக விரிசல் ஓடியிருப்பது தெரியும். புது வண்ணம் அடித்திருந்தால் சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

இனி மழைக்கு வருகிறேன்.

வீடு பார்த்த அன்று அண்ணன் கேட்கத்தான் செய்தான்: “மழைத் தண்ணி நிக்குமா அண்ணாச்சி?”

“இங்கயா? கடலு பக்கத்துல கெடக்கு தம்பி. பெய்ற மழை பூராவும் அங்க ஓடிரும்லா!” என்றார் வீட்டுக்காரர்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கரிசல்காட்டுக்காரர்களான எங்களுக்கு மழை பெய்யாதா என்பதே கவலை. பெய்த மழை எங்கே போகும் என்று எண்ணிப் பழக்கமில்லை. ஆனால் தூத்துக்குடி தட்டையான ஊர், கடல் மட்டத்திலிருந்து சில மீட்டரே உயரம். கடல் பொங்கி நிற்கும் நேரத்தில் ஓடைத் தண்ணீர் உள்ளே போகாமல் தயங்கும். மேற்கே காட்டு வெள்ளம் இறங்கினால் அதுவும் கோரம்பள்ளம் குளம், உப்பாற்று ஓடை வழியாக இந்தப் பக்கம்தான் வர வேண்டும். நகருக்குள் பக்கிள் ஓடை ஒன்றுதான் பெரிய வடிகால். 2021 நவம்பரிலேயே பிரையண்ட் நகர், முத்தம்மாள் காலனி, ரஹ்மத் நகர் முதலிய இடங்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அதைச் செய்தியில் பார்த்தவன்தான் நானும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே சுமார் 66 சென்டிமீட்டர்தான். கோரம்பள்ளம் குளம் உடைந்தது. அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாளாம். வாசற்படியில் தண்ணீர் ஏறியபோது துணியைச் சுருட்டி வைத்து அடைத்தார்கள். நள்ளிரவில் முழங்கால். விடியுமுன் இடுப்பு. எதிர்வீட்டு மாடியில் இருபது பேரோடு மூன்று நாள். ஊரிலிருந்து கொண்டுபோன வத்தல் மூட்டையும் உளுந்தும் ஊறிப் போயின. தவணையில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி மிதந்து கவிழ்ந்தது. அக்கா தன் சான்றிதழ்களை மட்டும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். எனக்குச் செய்தி கிடைத்தது நான்காம் நாள்தான். அதுவரை ஆச்சி சாப்பிடவில்லை.

தண்ணீர் வடிந்த பின் போய்ப் பார்த்தேன். மூன்று செய்திகள் சுவரிலேயே எழுதியிருந்தன. வெளிச்சுவரில் புதிய கறைக்குக் கீழே, பழைய சுண்ணாம்புக்கு அடியில், இன்னொரு மங்கிய கறை ஓடியிருந்தது. வீட்டின் வாசற்படி தெருவைவிட அரை அடி பள்ளத்தில் இருந்தது. தெருவுக்கு மேன்மேலும் தார் போட்டு உயர்த்திவிட்டார்கள், வீடு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. அடுத்தடுத்த வீடுகளில் மின்சார சொருகிகள் எல்லாம் நெஞ்சுயரத்தில் வைக்கப்பட்டிருந்தன. இந்த மூன்றையும் ஜூன் மாதத்து வெயிலிலேயே நான் பார்த்திருக்கலாம். மழையைப் பற்றி வீட்டுக்காரரிடமும் தரகரிடமும் கேட்டு என்ன பயன்? தெருமுனையில் துணி தேய்க்கிறவரிடமோ பெட்டிக்கடை ஆச்சியிடமோ கேட்டிருந்தால் உள்ளது தெரிந்திருக்கும்.

வெள்ள நிவாரணமாக அரசு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளின் குடும்ப அட்டைகளுக்கு 6,000 ரூபாயும் மாவட்டத்தின் பிற பகுதி அட்டைகளுக்கு 1,000 ரூபாயும் நியாயவிலைக் கடை வழியாகக் கொடுத்தது. எங்கள் அட்டை ஊர் முகவரியில் இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற அம்மாவுக்கு 1,000 ரூபாய். அதையும் அப்பாதான் ஊர்க் கடையில் வாங்கிவந்தார். சட்டம் தவறு என்று சொல்லமாட்டேன். அட்டை எங்கே இருக்கிறதோ அங்கே குடும்பம் இருப்பதாகத்தான் ஏடு சொல்லும்.

முகவரி மாற்றியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்பீர்கள். அதற்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்காரர் எழுதித் தரவில்லை. “நமக்குள்ள எதுக்குத் தம்பி பத்திரமெல்லாம்” என்ற ஒரு சொல்லில் நாங்கள் மயங்கிவிட்டோம். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. நாங்கள் கொடுத்ததோ ஏழரை மாத வாடகை! தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது. ஒப்பந்தத்தில் வேறு சொல்லியிராவிட்டால் சுவருக்கு வெள்ளையடிப்பதும் அவர் பொறுப்பே. நாங்கள் காலி செய்தபோது, வெள்ளத்தில் கெட்ட சுவருக்கு வண்ணம் அடிக்க என்று 12,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 18,000 கொடுத்தார் அந்த அண்ணாச்சி. எழுத்து இருந்தால் கேட்டிருப்போம்.

இரண்டாம் முறை தேடியபோது ஒத்தி வீடு பார்க்கலாமா என்ற யோசனை வந்தது. மூன்று லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகை இல்லை. போகும்போது மூன்று லட்சமும் திரும்பி வரும். கேட்கத் தேன்தான். ஆனால் அந்த மூன்று லட்சம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது அதன் இனிப்பு. ஊர் வழக்கப்படி நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் வட்டி. அதுவே ஒரு வாடகைதான்! வங்கியில் நகையை வைத்து ஆண்டுக்கு 10 விழுக்காட்டில் எடுத்தால் மாதம் 2,500. அப்போது லாபம் உண்டு, அம்மாவின் கழுத்தில் நகை இராது, அவ்வளவே. மேலும் ஒத்தி என்பது அடமானம். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தியைப் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வது போதாது. அந்த வீட்டின்மேல் ஏற்கெனவே கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். முன்கடன் கொடுத்த வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தால் ஒத்திக்காரர் அதன் பின்னால்தான் நிற்க வேண்டும். எங்களுக்கு ஒத்திக்கு வந்த வீட்டுக்காரர் பதிவுக்கு ஒப்பவில்லை. அதோடு அந்த யோசனையை விட்டோம்.

இன்னொன்று எந்தச் சட்டத்திலும் அடங்காதது. பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டினால் முதல் கேள்வி “எந்த ஊரு?” இரண்டாவது, “என்ன ஆளுக?” விடை பிடிக்காவிட்டால், நேற்றுத்தான் முன்பணம் வாங்கினோம் என்பார்கள். பலகை மட்டும் மறுவாரமும் தொங்கும். வாடகை கொடுக்க வசதி இருந்தும் சிலர் ஏன் பள்ளத்துத் தெருவிலேயே குடியிருக்கிறார்கள் என்பதற்கு ரிகார்டோவிடம் விடை இல்லை. இதுபற்றி நம் விரிவுரையாளர்கள் யாரேனும் அடுத்த மலரில் எழுதினால் மகிழ்வேன்.

2024 மார்ச்சில் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், முதல் மாடியில், 6,500 ரூபாய் வீட்டுக்கு மாறினோம். இரண்டு அறைகள், நான் போனால் மொட்டைமாடியில்தான் படுக்கை. அம்மாவுக்குக் கோழி வளர்க்க இடமில்லை என்ற குறை தீரவில்லை. ஊர் வத்தலை மாடியில் காயப்போட்டால் கடல்காற்றில் பதம் வரவில்லை என்றும் சொல்கிறாள். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் உண்டு. வீட்டுக்கார ஆச்சி முதல் பேச்சிலேயே, “கீழ்ப்படி வரைக்கும் தண்ணி வந்துச்சுய்யா, பொய் சொல்ல மாட்டேன்” என்று வெள்ளக் கறையைக் கையால் தொட்டுக் காட்டினார். அதன் பிறகு நாங்கள் வேறு வீடு பார்க்கவில்லை.

குடும்ப அட்டையைப் பிரிப்பதில்தான் ஒரு சிறு சண்டை. அப்பா தன் பெயரையும் ஆச்சி பெயரையும் ஊர் அட்டையில் விட்டு வைக்க வேண்டும் என்றார். அம்மாவும் அண்ணனும் அக்காவும் தூத்துக்குடி அட்டையில். என் பெயரை எதில் எழுதுவது என்று கேட்டபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படிப்பு முடியட்டும் என்று இப்போதைக்கு ஊர் அட்டையிலேயே இருக்கிறேன்.